சண்டி முதுகில் முப்பத்தெட்டு கிலோ

“அத இங்கனயே கழட்டிப் போட்டுட்டுப் போ, தாயி. ஆட்டுக்கல்ல முதுகுல கட்டிக்கிட்டு எவனாவது மணல்ல ஓடுவானா?”

தர்மசீலன் அண்ணாச்சி இதைச் சொன்னபோது அவர் கை ரெக்ஸலினின் ஜீப்புக்குப் பின்னால் தொங்கிய ஸ்டெப்னியைத் தட்டிக்கொண்டிருந்தது. அது சாதாரண ஸ்டெப்னி இல்லை. கீழே ஓடுகிற நான்கு சக்கரங்களும் என்ன உயரமோ அதே உயரம், அதே அகலம், அதே கட்டை கட்டையான பற்கள். ரிம்மோடு சேர்த்து முப்பத்தெட்டு கிலோ. அந்தக் கனத்தைத் தாங்குவதற்காகவே பின்கதவில் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். போதாததற்கு ஒரு மாட்டுச் சங்கிலியை ரிம்முக்குள் விட்டுச் சுற்றிப் பூட்டும் போட்டிருந்தார்கள்.

பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற நான்கு வண்டிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் ஸ்டெப்னிகளெல்லாம் வேப்பமரத்தடியில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மணலில் ஓடப் போகிற வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். பஞ்சரானால் ஒட்டிக்கொள்ளக் கையடக்கப் பெட்டி ஒன்று இருக்கிறது, காற்றடிக்கச் சின்ன பம்பு இருக்கிறது. அப்புறம் ஸ்டெப்னி எதற்கு? இது அண்ணாச்சியின் பாடம். இருபது வருடம் தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளில் வண்டி ஓட்டியவர். அவர் பாடத்தை மறுத்துப் பேச அந்தக் குழுவில் ஆள் கிடையாது.

“கழட்ட மாட்டேன் அண்ணாச்சி,” என்றாள் ரெக்ஸலின்.

“போன வருசம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?”

“போன வருசம் நீங்க சொன்னதக் கேட்டேன். அதனாலதான் ஆச்சு.”

பந்தலில் யாரோ விசிலடித்தார்கள்.

ரெக்ஸலினுக்கு இருபத்து மூன்று வயது. தூத்துக்குடியில் அப்பாவின் பேட்டரிக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். ஜீப் அவளைவிட ஆறு வயது மூத்தது. காலையில் நாலு திட்டு வாங்காமல் ஸ்டார்ட் ஆகாது. அதனால் அதற்குச் சண்டி என்று பெயர். போன வருடம் இதே போட்டிக்கு முன்னால்தான் சண்டிக்குப் பெரிய டயர்கள் நான்கு மாட்டினாள். ஐந்தாவதும் பெரிதாக வாங்கலாமா என்று கேட்டபோது, பழைய சின்ன ஸ்டெப்னியே போதும், கனமில்லாமல் இருக்கும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நடுத்தேரியில் ஒரு டயர் போயிற்று. சின்னதை மாட்டினாள். மூன்று சக்கரம் பெரிது, ஒன்று சின்னது. ஃபோர் வீல் கியரைப் போட்டதும் நான்கும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். சின்னது அவசரப்பட்டது, பெரியவை விடவில்லை. கியர்ப் பெட்டிக்குள் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். தண்ணீர் டிராக்டர் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனது.

டிராக்டர் சண்டியை இழுத்துப்போவதைப் போட்டோ எடுத்துப் பரப்பியவன் ஜோவின். மூன்று வருடமாகத் தொடர்ந்து ஜெயிக்கிறவன். இப்போதும் அவன்தான் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தான்.

“பூட்டு வேறயா? இத யாரு தூக்கிட்டு ஓடப் போறா? ஒட்டகமா?”

“எங்க தெருவுல இந்த மாசம் ரெண்டு ஸ்டெப்னி காணாமப் போச்சு,” என்றான் சுடலைமணி. ரெக்ஸலினின் பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். இரும்புப் பட்டையும் அவன் வேலை, பூட்டும் அவன் யோசனை.

அண்ணாச்சி விதிகளை வாசித்தார். இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே ஊசிக்காது என்று ஒரு இடுக்கு. அதன் வழியாகத் தேரிக்குள் நுழைய வேண்டும். வரைபடத்தில் இரண்டு அடையாளங்கள். இரண்டாவதுக்குப் பக்கத்தில் புதைத்து வைத்த இரும்புப் பெட்டி. மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதுவதற்குள் பெட்டியோடு, வண்டி தன் சொந்தச் சக்கரத்தில் ஓடி, பந்தலுக்குத் திரும்ப வேண்டும். பெட்டிக்குள் ஒரு மஞ்சள் கொடி இருக்கிறது. கொடியைக் கொண்டுவருகிறவர்தான் மார்கழியில் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போகும் பதினோரு நாள் பயணத்தில் முன்வண்டி. அவர் போட்ட தடத்தில்தான் மற்ற எல்லாரும் வருவார்கள். கடைசி விதியை வாசிக்கும்போது அவர் ரெக்ஸலினைப் பார்க்கவில்லை: தொடர்ந்து இரண்டு வருடம் டிராக்டரில் திரும்புகிறவர் பெயர் குழுவிலிருந்து எடுக்கப்படும்.

அந்தக் கொடி அவளுக்கு வேண்டும். அதைவிட, பந்தலுக்குச் சொந்தச் சக்கரத்தில் திரும்ப வேண்டும்.

“கழட்டலன்னா போ,” என்று அண்ணாச்சி கையை உதறினார். “மணலு சொல்லிக் குடுக்கும்.”

வண்டிக்குப் போனதும் சுடலைமணிக்கு ரோஷம் பொங்கியது. ஸ்டெப்னி முப்பத்தெட்டு கிலோ கூடுதல் என்றால், வேறு எதிலாவது முப்பத்தெட்டு கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்றான். பின்சீட்டில் பாதியைக் கழற்றினான். தார்ப்பாய், ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகை, இரண்டு தண்ணீர் கேன், தன் இரும்புக் கருவிப்பெட்டி, அதன் காதில் தொங்கிய பட்டறைப் பை எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் அடுக்கினான். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் ஒரு மண்வெட்டியும் மட்டும் மிச்சம்.

“இப்ப எல்லா வண்டியும் நம்ம வண்டியும் ஒண்ணு,” என்றான்.

வண்டியில் மூன்றாவது ஆள் நஸ்ரின். காயல்பட்டினத்துக்காரி, கல்லூரியில் மண்ணும் பாறையும் படிக்கிறாள். வரைபடம் அவள் மடியில். சுடலைமணி அடுக்கி வைத்த சாமான்களை அவள் ஒருமுறை பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கிளம்பச் சொல்லிப் பச்சைக் கொடி அசைந்துவிட்டது.

ரெக்ஸலின் சண்டியைத் திட்டினாள். நாலாவது திட்டில் சண்டி உறுமியது.

ஊசிக்காது பெயருக்கேற்ற இடம். இருபக்கமும் செம்மணல் மேடு, மேட்டடியில் கையை விட முடியாதபடி உடைமுள் புதர். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நுழைய முடியும். சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம். ஐந்து வண்டிகளும் வரிசையாக நுழைந்து, உள்ளே போனதும் சிதறின.

உள்ளே வேறு உலகம். கண்ணுக்கெட்டியவரை குங்குமத்தைக் கொட்டிய மாதிரி மணல். அலையலையாக மேடு, நடுநடுவே கழுத்துவரை புதைந்த பனைகள். பத்து மணிக்கே சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. ரெக்ஸலின் இறங்கி நான்கு டயரிலும் காற்றைப் பாதியாகக் குறைத்தாள். காற்றுக் குறைந்த டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். முழுக் காற்றோடு போனால் மண்வெட்டி மாதிரி மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கும்.

முதல் மேட்டில் சண்டி ஏறியது. இரண்டாவதில் ஏறியது. மூன்றாவதில் முக்கால்வாசி போய் மூச்சு விட்டு நின்றது. பின்பக்கம் கனம் இழுத்தது உண்மைதான். ரெக்ஸலின் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ரிவர்ஸில் இறக்கி, நீளமாகப் பின்னால் போய், இன்னும் வேகமாக வந்து ஏறினாள். அப்போதும் விளிம்பில் புதைந்தது. மூன்று பேரும் மண்வெட்டியாலும் கையாலும் மணலை வாரினார்கள். பக்கத்து மேட்டில் ஜோவினின் வெள்ளை வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவன் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது போல் கையைச் சுற்றிக் காட்டினான்.

“சிரிச்சிட்டுப் போறான் பாரு,” என்றான் சுடலைமணி.

“போவட்டும். திரும்பி வரும்போது பேசிக்கலாம்,” என்றாள் ரெக்ஸலின்.

முதல் அடையாளமான இடிந்த தண்ணீர்த் தொட்டியை அவர்கள் அடைந்தபோது மணி பதினொன்றரை. அங்கே நான்கு வண்டிகளின் தடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது அடையாளமான மொட்டைப் பனையை அடைந்தபோது மணி ஒன்று. தலை இல்லாத ஒற்றைப் பனை. அதற்குக் கிழக்கே ஒரு பெரிய மணல்மேடு. ‘பனைக்குக் கிழக்கே, மேடு முடியும் அடிவாரத்தில்’ என்று வரைபடத்தில் அண்ணாச்சியின் கையெழுத்து.

மேட்டின் அந்தப் பக்க அடிவாரம் முழுவதும் குழியாகக் கிடந்தது. நான்கு அணியும் தோண்டியிருக்கிறார்கள். மூன்று அணிகள் சலித்துப்போய் வேறொரு பனையைத் தேடித் தெற்கே போய்விட்டதாகத் தடம் சொன்னது. ஜோவின் மட்டும் இன்னும் அங்கேயே தோண்டிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் அவனும் எரிச்சலாக மண்வெட்டியை வண்டிக்குள் எறிந்தான். அண்ணாச்சி ஏமாற்றுகிறார், இங்கே ஒரு மண்ணும் இல்லை, நான் பந்தலுக்குப் போய் அவரிடமே கேட்கிறேன் என்று கத்திவிட்டுக் கிளம்பினான்.

நஸ்ரின் தோண்டவில்லை. மேட்டின் உச்சியில் ஏறி நின்று முகத்தில் காற்று படும்படி மேற்கே திரும்பினாள்.

“பெட்டிய எப்பப் புதைச்சாரு?”

போட்டி சித்திரையில் நடக்க வேண்டியது. அண்ணாச்சி பங்குனிக் கடைசியில் புதைத்துவிட்டார். அவர் மகள் கல்யாணம் குறுக்கே வந்ததால் ஆவணிக்குத் தள்ளிப்போனது. இதை ரெக்ஸலின் சொன்னாள்.

“அப்ப நடுவுல ஆடி போயிருக்கு,” என்றாள் நஸ்ரின். “ரெண்டு மாசம் மேக்காத்து அடிச்சா இந்த மேடு நிக்குமா? கெழக்க நகந்திருக்கும். நாம அடிவாரம்னு நினைக்கிறது இப்பத்த அடிவாரம். அவரு புதைச்ச அடிவாரம் மேட்டுக்குள்ள போயிட்டு.”

எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்பதற்கும் அவளிடம் வழி இருந்தது. மேட்டின் ஓரத்தில் ஒரு உடைமரம், மணலுக்கு வெளியே நுனி மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. இலை இன்னும் பச்சை. பச்சையாக இருக்கிறது என்றால் மூடி அதிக நாளாகவில்லை. பங்குனியில் அது மேட்டுக்கு வெளியே நின்றிருக்கும். அதே கோட்டில் போனாள். ஜாக்கிக் கம்பியை மணலுக்குள் குத்திக் குத்திப் பார்த்தான் சுடலைமணி. பதினாறாவது குத்தில் ‘டங்’ என்றது.

மார்பளவு மணலை வாரி எறிந்ததும் பெட்டி வந்தது. ஒரு முழ நீளம், தடித்த இரும்புத் தகடு. மூடியைத் திறந்தார்கள். மஞ்சள் கொடி நான்காக மடித்துக் கிடந்தது. ரெக்ஸலின் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

“பந்தலுக்குப் போயி சந்தோசப்படலாம். மணி ரெண்டே கால். ஏறுங்க.”

இருபது நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மேட்டு முதுகிலிருந்து ஒரு பள்ளத்தில் இறங்கும்போது, எப்போதோ யாரோ போட்ட வேலியின் ஆங்கிள் கம்பி ஒன்று மணலுக்குள் காத்திருந்தது. சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது.

மூவரும் இறங்கிப் பார்த்தார்கள். பின் டயரின் பக்கவாட்டில் கை நுழைகிற நீளத்துக்குக் கிழிசல். பஞ்சர் பெட்டியால் ஆணி ஓட்டையை அடைக்கலாம். இதை அடைக்க முடியாது. பக்கச் சுவர் கிழிந்தால் டயரின் கதை முடிந்தது.

ரெக்ஸலின் முகத்தில் பயம் இல்லை. சொல்லப்போனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக இந்த நிமிடத்துக்குத்தான் முப்பத்தெட்டு கிலோவைச் சுமந்தாள்.

“சுடலை, ஆட்டுக்கல்ல எறக்கு.”

சுடலைமணி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போனான். பூட்டைப் பிடித்தான். பேன்ட் பையில் கை விட்டான். சட்டைப் பையில் கை விட்டான். பிறகு மறுபடியும் பேன்ட் பையில் விட்டான்.

“மக்கா…” என்றான்.

நஸ்ரினுக்குப் புரிந்துவிட்டது. காலையில் கேட்க வாயெடுத்தது அதைத்தான். சாவி பட்டறைச் சாவிக்கொத்தில். கொத்து பட்டறைப் பையில். பை கருவிப்பெட்டியின் காதில். கருவிப்பெட்டி வேப்பமரத்தடியில், கனம் குறைப்பதற்காக.

காற்று மணலைத் தூக்கி அவர்கள் காலில் போட்டது.

“திட்டு,” என்றான் சுடலைமணி. “நல்லாத் திட்டிரு.”

“திட்டுனா பூட்டு தெறக்குமா?” என்றாள் ரெக்ஸலின். “அறுக்க என்ன இருக்கு?”

அறுக்க ஒன்றும் இல்லை. ரம்பம், சுத்தியல், உளி எல்லாம் அதே கருவிப்பெட்டியில். நடந்தே போய்ச் சாவி எடுத்து வரலாமா என்று சுடலைமணி கேட்டான். போக இரண்டரை மணி நேரம். அதற்குள் சங்கு ஊதிவிடும். நஸ்ரின் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாள். ரிம்முக்குள் நுழைந்து இரும்புப் பட்டையைச் சுற்றி வந்த சங்கிலியில் நாலு விரல் தளர்ச்சி இருந்தது. சுடலைமணியின் பார்வையும் அங்கே போயிற்று. வீல் ஸ்பேனரின் நீண்ட கையை அந்தத் தளர்ச்சிக்குள் செருகினான். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி திருக வேண்டும். சங்கிலி இறுகி இறுகி, எந்தக் கண்ணியில் பற்றவைப்பு பலவீனமோ அந்தக் கண்ணி வாய் திறக்கும்.

“ஸ்பேனரு வளைஞ்சா?” என்று கேட்டாள் நஸ்ரின்.

வளைந்தால் சக்கரத்தின் நட்டைக் கழற்ற வேறு ஸ்பேனர் கிடையாது. அப்போது டிராக்டர்தான். இரண்டாவது வருடம். பெயர் போய்விடும்.

ரெக்ஸலின் ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்தாள். “வளைஞ்சா வளையட்டும். சும்மா நின்னாலும் டிராக்டருதான். திருகு.”

திருகினார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ஸ்பேனர் கொஞ்சம் முனகியது. நஸ்ரினும் வந்து கை கொடுத்தாள். மூன்று பேரும் காலை மணலில் ஊன்றி, பற்களைக் கடித்துக்கொண்டு, அரைச் சுற்று, கால் சுற்று என்று நகர்த்தினார்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தபோது மூவரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தார்கள். எழுந்து முதலில் ஸ்பேனரைப் பார்த்தார்கள். லேசாகக் கோணியிருந்தது, நட்டில் உட்கார்ந்தது. சங்கிலியின் ஒரு கண்ணி ஆவென்று வாய் பிளந்து கிடந்தது.

அடுத்த தொல்லை ஜாக்கி. பலகை இல்லாமல் மணலில் வைத்தால் வண்டிக்குப் பதில் ஜாக்கி கீழே இறங்கியது. பலகையும் வேப்பமரத்தடியில்தான் இருந்தது. ரெக்ஸலின் நாலாபுறமும் பார்த்தாள். பிறகு போய்ப் புதையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொடியை எடுத்துச் சட்டைக்குள் செருகினாள். பெட்டிக்குள் மணலை அமுக்கி அமுக்கி நிரப்பி, மூடி, அச்சுக்கு அடியில் குழி பறித்து அதைப் படுக்க வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினாள். மூடி கொஞ்சம் நசுங்கியது, ஆனாலும் தாங்கியது.

“புதையல இப்பிடிப் பயன்படுத்துனவ உலகத்துலயே நீதாண்டி,” என்றாள் நஸ்ரின்.

நட்டுகளை இறுக்கிப் புதுச் சக்கரத்தைத் தரையில் விட்டதும் மற்ற மூன்றோடு அது தோளுக்குத் தோள் நின்றது. அதில் மட்டும் காற்று முழுதாக இருந்ததால், நஸ்ரின் முக்காட்டு ஊசியை எடுத்து வால்வை அழுத்தி, மற்றவை அளவுக்கு இறக்கினாள். கிழிந்த சக்கரத்தைத் தூக்கிப் பின்னால் மாட்டினார்கள். சுடலைமணி அறுந்த சங்கிலியையும் மடித்து வைத்துக்கொண்டான். ஃபோர் வீல் கியரைப் போடும்போது ரெக்ஸலின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போன வருடச் சத்தம் வரவில்லை. நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. சண்டி பள்ளத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறியது.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஊசிக்காது தெரிந்தது. அதற்கு நடுவில் ஒரு வெள்ளை வண்டி, தொண்டையில் மாட்டிய முள் மாதிரி, வழியை அடைத்து நின்றது.

ஜோவினின் முன் டயரிலும் பக்கச் சுவர் கிழிந்திருந்தது. ஸ்டெப்னி இல்லாததால் வெறும் ரிம்மிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறான். ரிம் மணலை உழுது அச்சுவரை இறங்கிவிட்டது. அவன் வண்டியின் முன்னால் கம்பி இழுக்கும் வின்ச் இருந்தது. விலை உயர்ந்தது, இரண்டு வண்டியை இழுக்கும். ஆனால் அதன் கம்பியைக் கட்ட எதிரே ஒரு மரம்கூட இல்லை. உடைப்புதரில் கட்டி இழுத்திருக்கிறான். மூன்று புதர் வேரோடு வந்து அவன் காலடியில் கிடந்தன. அவனும் அவன் கூட்டாளியும் முழங்கையெல்லாம் முள் கீறலோடு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இங்கன வந்துதான் போன்ல சிக்னல் கெடச்சுது. டிராக்டருக்குச் சொல்லிட்டேன். அஞ்சரைக்கு வருமாம்,” என்றான் ஜோவின். “நீயும் உக்காரு. ரெண்டு பேரும் ஒண்ணாப் போவம்.”

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் ரெக்ஸலினுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஒண்ணாப் போவமாம்.

“நான் டிராக்டருக்குப் பின்னால வர மாட்டேன்,” என்றாள். “ஒனக்குக் கம்பியக் கட்ட ஒண்ணு வேணும். அவ்வளவுதான?”

சண்டியின் பின்னால் போய்க் கிழிந்த சக்கரத்தைக் கழற்றினாள். ஊசிக்காதுக்குள் அதை உருட்டிக்கொண்டு, ஜோவினின் வண்டியைத் தாண்டி, முப்பதடி முன்னால் போய் நிறுத்தினாள். காற்றுப் போன டயருக்கும் கனம் குறையவில்லை. இடுப்பளவு குழி வெட்டி, சக்கரத்தை அதில் நிமிர்த்தி நிறுத்தி, அதன் அகன்ற முகம் வண்டியைப் பார்க்கும்படி புதைத்தால் போதும். மணலுக்குள் அது ஒரு சுவர். கம்பி இழுக்க இழுக்க, எதிரே உள்ள மணல் முழுவதையும் சேர்த்து இழுத்தாக வேண்டும். டயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிடிப்பு.

ஜோவினும் கூட்டாளியும் எழுந்து வந்தார்கள். ஐந்து பேரும் இரண்டு மண்வெட்டிகளை மாற்றி மாற்றி வாங்கி வெட்டினார்கள். ரிம்மின் ஓட்டைகளில் கோக்கச் சுடலைமணி தன் அறுந்த சங்கிலியை நீட்டினான்.

“அதத் தூரப் போடுல,” என்றாள் நஸ்ரின்.

ஜோவினிடம் தடித்த இழுவைப் பட்டை இருந்தது. அதைக் கோத்து, குழியை மூடி, ஐந்து பேரும் மேலே ஏறி மிதித்தார்கள். ரெக்ஸலின் ஓடிப்போய்ச் சண்டியை எடுத்து, வெள்ளை வண்டியின் பின்புறத்தில் மெல்ல முட்டுக் கொடுத்தாள். வின்ச் சுற்ற ஆரம்பித்தது. கம்பி விறைத்தது. புதைத்த இடத்தில் மணல் விரிசல் விட்டு ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. பிறகு நகரவே இல்லை. வெள்ளை வண்டிதான் நகர்ந்தது. அங்குலம் அங்குலமாக மேலேறி, இடுக்கைத் தாண்டி, பக்கத்துத் திடலில் போய் ஒருக்களித்து நின்றது.

மணி நாலு நாற்பது.

ரெக்ஸலின் நிற்கவில்லை. ஜோவினைக் கடக்கும்போது மட்டும் தலையை நீட்டினாள். “அதத் தோண்டி எடுத்து மறக்காமக் கொண்டாந்துரு. டயரு போனாப் போவட்டும், ரிம்மு என்னுது.”

கடைசி நாலு கிலோமீட்டர் கட்டாந்தரை. காற்றுக் குறைந்த டயரில் வேகமாகப் போகக் கூடாது. போகாமலும் இருக்க முடியாது. சண்டி நொண்டிக்கொண்டும் குதித்துக்கொண்டும் ஓடியது. சுடலைமணி வாட்சைப் பார்த்து நிமிடம் சொல்லிக்கொண்டே வந்தான். நஸ்ரின் அவன் கையை மடக்கி வாட்சை மறைத்தாள். பந்தல் தெரிந்தபோது அண்ணாச்சி சங்கைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். சண்டி பந்தல் காலுக்கு அரை முழம் முன்னால் நின்றது.

“அஞ்சுக்கு இன்னும் நாலு நிமிசம் இருக்கு அண்ணாச்சி,” என்றாள் ரெக்ஸலின். “சங்கக் கீழ வைங்க.”

பெட்டியை இறக்கினார்கள். மூடி ஏன் இப்படி நசுங்கியிருக்கிறது, உள்ளே ஏன் இத்தனை மணல் என்று அண்ணாச்சி கேட்டார். அவள் சட்டைக்குள்ளிருந்து கொடியை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு சண்டியைச் சுற்றி நடந்தார். பின்கதவில் ஸ்டெப்னி இல்லை. வாய் பிளந்த சங்கிலி மட்டும் பின்சீட்டில் மடித்துக் கிடந்தது. குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். புதுப் பற்களைத் தடவினார். மற்ற மூன்றையும் பார்த்தார். இருபது வருடப் பாடத்தைத் திரும்பப் படிக்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

மற்ற மூன்று வண்டிகளும் தேரியைச் சுற்றிக்கொண்டு, ஐந்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக வெறுங்கையோடு வந்தன. டிராக்டர் ஓட்டுபவர், ஊசிக்காதுக்கு வெளியே நிற்கும் வெள்ளை வண்டிக்கு எதையாவது கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டார். அண்ணாச்சி வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கே சாய்ந்திருந்த ஜோவினின் ஸ்டெப்னியை இரண்டு பேர் தூக்கி டிராக்டரில் போட்டார்கள். காலையில் கழற்றிப் போட்டது சாயங்காலம் தனியாகத் தேரிக்குப் பயணம் போனது.

அண்ணாச்சி விதித்தாளை எடுத்து, பேனாவை உதறி, அடியில் எழுதினார்: ‘எல்லா வண்டியிலும் ஓடுகிற டயரின் அளவிலேயே ஸ்டெப்னி இருக்க வேண்டும்.’ எழுதிவிட்டு, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று ரெக்ஸலினைக் கேட்டார்.

சுடலைமணி முந்திக்கொண்டான். “பூட்டுன சாவி வண்டியிலயே இருக்கணும்னு எழுதுங்க அண்ணாச்சி.” சாவிக்கொத்து அப்போது அவன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியது. கனம் குறைக்கிறேன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் இறக்கி வைத்தவன் அவன்தானே. அண்ணாச்சி அதையும் எழுதினார்.

“மார்கழிக்கு முன்வண்டி நீதான்,” என்றார் பிறகு. “ஆனா தாயி, ராஜஸ்தான் மணலு இதவிட மோசம். அங்க ஒரு ஸ்டெப்னியோட—”

“ரெண்டு,” என்றாள் ரெக்ஸலின்.

அண்ணாச்சி பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

பொழுது இறங்கும் நேரத்துக்கு டிராக்டர் திரும்பியது. பின்னாலேயே வெள்ளை வண்டி, தன் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு. ஜோவின் இறங்கினான். உடம்பெல்லாம் செம்மணல். புதைத்த சக்கரத்தைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்திருந்தான். யார் உதவியும் கேட்காமல் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, பந்தலில் எல்லாரும் பார்க்க, மூச்சு வாங்க வாங்கச் சண்டிவரை சுமந்து வந்து வைத்தான்.

“யம்மாடி, என்னா கனம் கனக்கு,” என்றான்.

“முப்பத்தெட்டு,” என்றாள் ரெக்ஸலின். “உள்ள கொஞ்சம் மணலும் இருக்கும். தட்டிட்டு மாட்டு.”